என் பெயரில் பறந்தவர்

என் மகள் பிறந்து இருபத்தைந்து நாள் ஆகியிருந்தபோது ஒரு கடிதம் வந்தது. ஆபீசுக்கு வந்ததை என் கணவர் வாங்கிவந்து, துடியலூரில் அம்மா வீட்டில் நான் படுத்திருந்த கட்டிலின்மேல் வைத்தார். நான் வழக்கமாகப் பறக்கும் தனியார் விமானக் கம்பெனி அனுப்பிய கடிதம் அது. மார்ச் முடிவதற்குள் இன்னும் நான்கு முறை பறந்தால், அடிக்கடி பறப்பவர்களுக்கு அவர்கள் கொடுக்கும் என் வெள்ளி அட்டை அடுத்த வருஷமும் தொடரும், இல்லையென்றால் சாதாரண அட்டையாக மாறிவிடும் என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. சிங்காநல்லூரில் நூற்பாலைகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் விற்பனைப் பிரிவில் இருந்தேன். மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை பம்பாய்க்கோ அகமதாபாத்துக்கோ போய்வருவேன். ஆபீசில் வெள்ளி அட்டை வைத்திருந்தவர்கள் இரண்டே பேர், மேனேஜரும் நானும். அதனால் கிடைத்தது ஒன்றும் பெரிதில்லை. தனி வரிசை, உட்கார ஒரு குளிரூட்டிய அறை, பெட்டியில் தொங்கவிட ஒரு சீட்டு. ஆனால் அந்த வரிசையில் பெரும்பாலும் நான் ஒருத்திதான் பெண்ணாக இருப்பேன். அது எனக்குப் பிடித்திருந்தது.

பிரசவ லீவு மூன்று மாதம். குழந்தை தூங்கும், எழும், பால் குடிக்கும். நான் இல்லாமலே ஆபீஸ் நடக்கிறது என்பதைத்தான் நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் போகும்போது என் இடத்தில் வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது என்ற பயம். அந்த அட்டை கையில் இருந்தால் நான் பழைய ஆள்தான் என்று ஏனோ தோன்றியது.

என் பம்பாய் வேலையைத் தற்காலிகமாக, வரைபடப் பிரிவில் இருந்த ஒரு பெண்ணிடம் கொடுத்திருந்தார்கள். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். டிப்ளமோ படித்தவர். சூலூருக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரிலிருந்து பஸ்ஸில் வந்துபோவார். அவருடைய அப்பா தோட்டங்களில் கூலி வேலை செய்து, பிறகு மில்லுக்குப் போனவர். எங்கள் உதிரிபாகங்களின் அளவு ஒவ்வொன்றும் அந்தப் பெண்ணுக்கு மனப்பாடம். நான் பேசி விற்றேன், அவர் வரைந்தார். பம்பாயில் ஒரு பெரிய வாடிக்கையாளர் அளவு சரியில்லை என்று புகார் சொல்லிக்கொண்டிருந்ததால், இரண்டு முறை அவரே நேரில் போய்ப் பார்ப்பது என்று முடிவாகியிருந்தது.

இரண்டு முறை போய்வந்தால் நான்கு பயணம். கணக்கு எனக்கு உடனே விளங்கிவிட்டது.

அந்தக் காலத்தில் உள்நாட்டு விமானத்துக்கு யாரும் அடையாள அட்டை கேட்பதில்லை. டிக்கெட்டில் பெண் பெயர் இருந்து, பெண் ஒருத்தி வந்து நின்றால் போதும். காந்திபுரத்தில் இருந்த எங்கள் டிராவல் ஏஜெண்டுக்குப் போன் செய்து, இரண்டு டிக்கெட்டையும் என் பெயரில் போட்டு என் அட்டை எண்ணை எழுதிவிடச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே சரி என்றார். அடுத்து அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து, டிக்கெட் என் பெயரில்தான் இருக்கும் என்றேன்.

"ஏனுங்க மேடம், என்ற பேர்ல போட்டா ஏதாச்சும் சிக்கலுங்களா?" என்று கேட்டார்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். என் அட்டைக்காகத்தான், கொஞ்சம் உதவி செய்யுங்கள் என்று கேட்டிருந்தால் அவர் மறுத்திருக்கமாட்டார். கேட்க எனக்கு வாய் வரவில்லை.

"புதுப் பேருக்கு சீட் கன்பார்ம் ஆகறது கஷ்டமுங்க. அடிக்கடி போறவங்க பேர்னா உடனே கெடைக்கும்" என்றேன்.

"அப்படீங்களா. செரிங்க மேடம்" என்று போனை வைத்தார்.

முதல் பயணம் நல்லபடியாக முடிந்தது. திரும்பி வந்த மூன்றாம் நாள் குழந்தையைப் பார்க்க துடியலூருக்கு வந்தார். குழந்தைக்கு ஒரு கவுன், எனக்கு ஒரு சீப்பு செவ்வாழைப்பழம். அம்மா, "வா கண்ணு, உக்காரு" என்று காபி கொடுத்தாள். அதுதான் அவருக்கு முதல் விமானப் பயணம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அப்பா, அம்மா, தம்பி மூன்று பேரும் பீளமேடு ஏர்போர்ட்டுக்கு வந்து, விமானம் கண்ணுக்கு மறையும்வரை வேலிக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறார்கள்.

கைப்பையிலிருந்து போர்டிங் பாஸ் இரண்டையும் எடுத்து என்னிடம் நீட்டினார். பயணம் கணக்கில் ஏறாமல் போனால் விமானக் கம்பெனிக்கு அனுப்பிக் காட்ட வேண்டியிருக்கும் என்பதால், அவற்றைப் பத்திரமாகக் கொண்டுவரும்படி நான்தான் சொல்லியிருந்தேன். ஆபீஸ் கோப்புக்கு என்று சொல்லிவைத்திருந்தேன்.

"மேடம், போனப்ப குடுத்த சீட்டு ஒண்ணை மட்டும் நான் வெச்சுக்கட்டுங்களா? அப்பா கேட்டாருங்க."

"இல்லீங்க, ரெண்டும் வேணும்" என்றேன்.

"பரவால்லீங்க. செராக்ஸ் எடுத்துத்தான் வெச்சிருக்கறேன்" என்றார். பிறகு சிரித்தபடி சொன்னார். "அப்பாவுக்கு இங்கிலீஸ் படிக்கத் தெரியாதுங்க. இதுல உன்ற பேரு எங்க இருக்குதுன்னு கேட்டாரு. காட்டுனனுங்க."

"எதைக் காட்டினீங்க?"

"உங்க பேரைத்தானுங்க. அதுமேல வெரலை வெச்சு வெச்சுப் பாத்தாரு."

அவருக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது. அம்மாவும் சிரித்தாள். நான் குழந்தை அழுகிறது என்று சொல்லி உள்ளே எழுந்து போனேன். குழந்தை அழவில்லை. அன்றைக்கே அடுத்த டிக்கெட்டை மாற்றியிருக்கலாம். இன்னும் இரண்டுதானே என்று விட்டுவிட்டேன்.

இரண்டாவது பயணத்தில் திரும்பும் நாள். பம்பாயில் விமானம் தாமதம். விமானம் ஏறும் வாசலையும் மாற்றிவிட்டார்கள். அந்த அறிவிப்பு அவருக்குப் புரியவில்லை. பழைய வாசலிலேயே, வேறு ஊருக்குப் போகும் கூட்டத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தார். கடைசியில் என் பெயரைச் சொல்லி மூன்று முறை கூப்பிட்டார்கள். விமானம் போய்விட்டது. கோயமுத்தூருக்கு அடுத்த விமானம் மறுநாள்தான்.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து, ஆபீசுக்குக்கூடச் சொல்லாமல் முதலில் எனக்குத்தான் போன் செய்தார்.

"பிளேனை உட்டுப்போட்டனுங்க மேடம்."

"கூப்பிட்டாங்கல்ல, காதுல விழலீங்களா?"

"விழுந்துச்சுங்க. உங்க பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க. உங்க பேர்ல இன்னொருத்தரு இருக்கறாங்களாட்ட இருக்குதுன்னு நெனச்சு உக்காந்துட்டனுங்க. அப்பறம்தான் எனக்குத் தட்டுச்சு."

வாடிக்கையாளரின் ஆபீசைப் பிடித்துப் பேசி, அவர்களுடைய விருந்தினர் விடுதியில் தங்க ஏற்பாடு செய்தேன். அதை மட்டும்தான் ஒழுங்காகச் செய்தேன். அவர் ஊர் வந்து சேர்ந்தபின், மறுநாளுக்கு டிக்கெட் வாங்கியதெல்லாம் சரியாக இருந்ததா என்று கேட்டபோது சொன்னார். "இருந்துச்சுங்க மேடம். என்ற பேரைச் சொன்னா சீட்டு கெடைக்காதுன்னு உங்க பேரு, நெம்பரு எல்லாம் சொல்லித்தான் வாங்குனனுங்க."

இப்படியாக என் நான்காவது பயணமும் கணக்கில் சேர்ந்துவிட்டது.

ஆபீசில் மேனேஜர் அவரைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார். தன் கவனக்குறைவு என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறார். என் பெயர் விஷயத்தை வாயே திறக்கவில்லை. அன்று மாலை மேனேஜர் எனக்குப் போன் செய்து, "இதுக்குத்தான் வெளிய போய்ப் பழக்கமில்லாதவங்கள அனுப்பக்கூடாதுன்னேன். இனி வேற ஆளைப் பாத்துக்கலாம்" என்றார். நான் "சரிங்க சார்" என்றேன். மடியில் குழந்தை இருந்தது. பம்பாய்க்காரர்கள் அவருடைய வேலையில் திருப்தியாகி, இனியும் அவரையே அனுப்புங்கள் என்று எழுதியிருந்ததைப் பிறகுதான் பார்த்தேன்.

ஏப்ரலில் புது அட்டை தபாலில் வந்தது. மே மாதம் வேலைக்குத் திரும்பினேன். என் நாற்காலியில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. வரைபடப் பிரிவைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அவர், "வாங்க மேடம், பாப்பா எப்படி இருக்குதுங்க?" என்று கேட்பார். நான் பதில் சொல்லிவிட்டு வேகமாக நடப்பேன்.

மேனேஜரிடம் உண்மையைச் சொல்ல எனக்கு மகளின் எட்டாம் மாதம் வரை ஆயிற்று. அவர் வீட்டிலும் எங்கள் வீட்டிலும் தெலுங்கு பேசுவோம். தனியாக இருக்கும்போது எங்கள் பேச்சு அதில்தான் நடக்கும். அன்றும் அப்படியே எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நாற்காலியில் சாய்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். படுத்த இடத்திலிருந்தே பறந்துவிட்டீர்களே, நல்ல மூளை உங்களுக்கு என்றார். அந்தப் பெண்ணை மறுபடி அனுப்பலாமே என்று கேட்டேன். "இப்போ போற பையனே நல்லாத்தானே பண்றான், விடுங்க" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

அன்று சாயங்காலம் சிங்காநல்லூர் பஸ் நிலையத்துக்கு அந்தப் பெண்ணோடு நடந்துபோனேன். என் கணவர் வண்டியில் அழைத்துப்போக வருவார் என்பதால் எனக்கு அங்கே வேலை இல்லை. ஏன் கூட வருகிறேன் என்று அந்தப் பெண் கேட்கவில்லை. சூலூர் பஸ்ஸுக்குக் கூட்டம் நின்றிருந்தது.

"அந்த டிக்கெட் விஷயத்துல நான் உங்ககிட்டப் பொய் சொன்னனுங்க. சீட் எந்தப் பேர்லயும் கெடைக்கும். என் அட்டைக்காகச் சொன்னேன்" என்றேன்.

"தெரியுமுங்க மேடம்."

"எப்ப தெரியும்?"

"ரெண்டாந்தடவை ஊருக்கு வந்தப்பறம் டிக்கெட் ரசீது வாங்க ஏஜெண்டு ஆபீசுக்குப் போனேன். அவரு சொன்னாருங்க."

"ஏங்க என்கிட்டக் கேக்கல?"

அவர் பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பிள்ளை பெத்த ஊட்டுல வந்து என்னத்தைக் கேக்கறதுங்க. நீங்க கேட்டு நான் குடுத்திருந்தா எனக்கும் சந்தோசமா இருந்திருக்குமுங்க. அவ்வளவுதான்."

மேனேஜரிடம் சொல்லிவிட்டேன் என்றேன். என்ன சொன்னார் என்று கேட்டார். சிரித்தார் என்று சொல்ல என்னால் முடியவில்லை. "பாக்கலாம்னாரு" என்றேன். அதுவும் பொய். மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இன்னொரு பொய்யைச் சொன்னேன்.

பஸ் வந்தது. "வாரனுங்க மேடம்" என்று ஏறிக்கொண்டார்.

அதற்கு மறுவருஷம் அவர் திருப்பூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்துப் போனார். அதுவரை தினமும் பார்த்தோம். ஒருநாளும் முகம் கோணவில்லை. அதே "வாங்க", அதே "செரிங்க", அதே "பாப்பா நல்லா இருக்குதுங்களா". முன்பு அவர் என்னிடம் எப்படிப் பேசினாரோ அதிலிருந்து ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. நாள் முழுக்கப் பக்கத்தில் நின்று கேட்டாலும், அந்த மரியாதைக்குப் பின்னால் அவர் என்னைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை.