“கும்பிடுகினம்” என்று சொல்லிவிட்டேன்: ரொறொன்ரோவில் ஒரு பள்ளிவாசல் ஓவியத்தின் முன்

மகள் மணக்க விரும்பும் பையனின் தாயை முதன்முறையாகச் சந்திக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. பிள்ளைகள் கலியாணப் பதிவுக்கு நாளும் குறித்துவிட்டார்கள். அவர்கள் முஸ்லிம்கள். எங்கள் வீட்டுச் சட்டியில் சமைத்ததைச் சாப்பிடுவார்களா என்பதே எனக்குத் தெரியாது. ஓவியக் கூடம் என்றால் பேச்சு நின்றாலும் சுவரைப் பார்க்கலாம். அதனால் சென்ற பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமைக்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய ஓவியக் கண்காட்சி ஒன்றுக்கு இரண்டு ரிக்கற் வாங்கினேன். மலையும் ஆறுமாக இருக்கும் என்று நினைத்தேன்.

நாங்கள் இருக்கும் அஜக்ஸிலிருந்து ரொறொன்ரோ யூனியன் நிலையத்துக்கு ரெயினில் ஏறக்குறைய ஐம்பது நிமிடம். பாதி வழியில் கைப்பேசியில் கண்காட்சியின் பக்கத்தைத் திறந்தேன். முதல் படமே பள்ளிவாசல் ஒன்றில் தொழும் ஆண்கள்! வேண்டுமென்றே தெரிவு செய்தேன் என்று நினைப்பாரோ? அந்தக் கால ஐரோப்பியர் கிழக்கை எப்படிக் கற்பனை செய்தார்கள் என்று பல்கலைக்கழகத்தில் படித்ததெல்லாம் நினைவுக்கு வந்தது. பையனின் தாய் றிஸானா யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறில் எங்கள் தமிழ் இயக்கம் முஸ்லிம்களை அங்கிருந்து வெளியேற்றியபோது குடும்பத்தோடு புத்தளம் போனவர். அந்தப் பேச்சு வந்தால் என்ன சொல்வதென்றும் தெரியவில்லை.

யூனியனில் சப்வே எடுத்து சென் பற்றிக் நிலையத்தில் இறங்கினால், மேற்கே பத்து நிமிட நடையில் ஓவியக் கூடம். அன்று மைனஸ் பதினான்கு. றிஸானா எனக்கு முன்பே வந்து வாசலில் நின்றார்.

அந்த ஓவியம் மூன்றாவது அறையில். உயர்ந்த தூண்கள், தொங்கும் விளக்குகள், பாயில் வெறுங்காலுடன் ஒரு வரிசை ஆண்கள். வெளிச்சம் அழகாகத்தான் விழுந்திருந்தது. ஏதாவது சொல்லவேண்டுமே என்று, “என்ன அமைதியாக் கும்பிடுகினம்,” என்றேன்.

“தொழுகினம்,” என்றார் றிஸானா, படத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

காது சூடாகியது. கும்பிடுவது கோயிலுக்குப் போகும் எங்கள் சொல். அவர்களுக்கு அது ஆகாது. தெரிந்திருந்தும், பதற்றத்தில் வாய் பழகிய சொல்லையே எடுத்துவிட்டது.

“குறை நினையாதேங்கோ. உந்தப் படத்தைக் கீறினவர் எங்கயோ ஸ்ரூடியோவில இருந்து...”

“அது பார்க்கத் தெரியுது, அக்கா. ஒராள் குனியிறார், பக்கத்தில நிக்கிறவர் இப்பதான் கை கட்டுறார். சேர்ந்து தொழேக்க உப்பிடி ஆளுக்கொரு பக்கம் இழுத்தால், இமாம் எழும்பி ஓட வேண்டியதுதான்.”

நான் தேவைக்கு அதிகமாகச் சிரித்தேன். அவரும் சிரித்தார், பிறகு சட்டென்று நிறுத்திவிட்டார்.

“நேராக் கேக்கிறன். உங்கட மகள் மதம் மாறுவாவோ? மாறாட்டில் கலியாணத்துக்கு வரமாட்டன் எண்டு என்ர மனுசன் ஒரே பிடியா நிக்கிறார்.”

“மாறமாட்டாள். நானும் அவளை மாறச் சொல்லமாட்டன்.”

“என்ர மகன்?”

“அவரையும் மாறச் சொல்லமாட்டம்.”

றிஸானா அங்கிருந்த நீள இருக்கையில் போய் அமர்ந்தார். நானும் பக்கத்தில் அமர்ந்தேன். ஒரு சுற்றுலாக் கூட்டம் வந்து, பார்த்து, போய்விட்டது.

“பதிவு எத்தினை மணிக்கு?”

“பதினொண்டுக்கு.”

“நான் வருவன். அவரைப் பற்றி இப்ப ஒண்டும் சொல்ல ஏலாது.”

போக நினைப்பவர்களுக்கு: காலையிலேயே போங்கள், மதியத்துக்குப் பிறகு நெரிசல். குளிர்கோட்டைக் கீழே கொடுத்துவிடலாம். ரெயின், நுழைவு, கோப்பி எல்லாம் ஒருவருக்கு அறுபது டொலருக்குள் முடியும். எந்தப் பள்ளிவாசல் என்பதற்கு ஓவியத்தின் பக்கத்துக் குறிப்பிலேயே “இருக்கலாம்” என்றுதான் போட்டிருக்கிறார்கள். படத்தைச் சாட்சியாக எடுக்கவேண்டாம். பேசக் கடினமான ஒன்று இருந்தால், அந்த இருக்கை நல்லது. எதிரெதிரே பார்க்கத் தேவையில்லை.

அஜக்ஸ் நிலையத்தில் மகள் காரோடு நின்றாள்.

“அன்ரி பதிவுக்கு வருவா,” என்றேன்.

“சீரியஸ்லி, அம்மா? அப்ப அங்கிள்?”

“தெரியாது.”

அவள் உடனே காரை எடுக்கவில்லை.