இரண்டாவது பிடிலும் கலர் விலகிய லட்சுமியும்

விருதுநகருக்குச் சொந்தமாக ஒரு ஆர்க்கெஸ்ட்ரா இருந்தது என்று சொன்னால் என் பேத்திமார் சிரிக்கிறார்கள். வத்தலும் உளுந்தும் விற்கிற ஊரில் ஆர்க்கெஸ்ட்ராவா என்கிறார்கள். இருந்தது. அதில் நான் இரண்டாவது பிடில்.

ஐம்பதுகளின் கடைசியில், ராணுவ பேண்டில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் ஊருக்குத் திரும்பினார். எங்களுக்கு அவர் மாஸ்டர். கல்யாண ஊர்வலத்தில் ஊதுகிறவர்கள், மில் கணக்கர் ஒருவர், பள்ளிக்கூடப் பாட்டு டீச்சரிடம் பிடில் கற்றிருந்த நான் என்று கிடைத்தவர்களையெல்லாம் சேர்த்தார். அப்பா மிளகாய் வத்தல் மூடை அடுக்குகிற கிட்டங்கியில்தான் ஒத்திகை. கார்னெட் ஊதுகிறவர் மூச்சை இழுத்தாலே தும்மல் வந்துவிடும். முதல் வருஷம் நாங்கள் வாசித்ததைவிடத் தும்மியதுதான் அதிகம்.

ஆளாளுக்கு வாசிக்கவேண்டிய பகுதியை மாஸ்டர் கையால் எழுதித் தரவேண்டும். அம்புட்டுக் காகிதத்துக்கு எங்கே போவது? சிவகாசி அச்சகத்தில் வேலை பார்த்த சித்தப்பா, கலர் விலகிக் கழித்த காலண்டர் படங்களைக் கட்டாகக் கொண்டுவந்து போட்டார். முன்பக்கம் சாமி, பின்பக்கம் சங்கீதம். என் பகுதி ஒரு லட்சுமியின் முதுகில் இருந்தது. அவளுக்கு உதட்டுச் சிவப்பு நகர்ந்து கன்னத்துக்குப் போயிருந்தது.

அந்தச் சமயம் நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனி வீட்டில் எனக்குச் சம்பந்தம் பேசினார்கள். கல்யாணத்துக்குப் பிறகும் பெண் பிடில் வாசிக்கவேண்டும் என்று அப்பா பேச்சோடு பேச்சாகக் கேட்டுவிட்டார். அந்தக் காலத்தில் எந்த அப்பா அப்படிக் கேட்பார்?

"வந்து கேட்டுட்டுச் சொல்றோம்" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

பங்குனிப் பொங்கலுக்குத் தெப்பக்குளத்தங்கரையில் மேடை போட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் முன்வரிசையில் இருந்தார்கள். பிடில் என்னோடு வருமா, வராதா என்பது அன்று சாயங்காலம் முடிவாகவேண்டும்.

இரண்டு பாட்டு நன்றாகவே போனது. மூன்றாவது நடுவில் ஒரு காற்று அடித்தது பாருங்கள், அத்தனை தாளும் பறந்து மேடையில் விழுந்தது. முருகனும் பிள்ளையாரும் சரஸ்வதியும் கால்மாட்டில் கிடக்கிறார்கள். யாருக்கு வாசிக்க மனசு வரும்? எல்லோரும் வாத்தியத்தை வைத்துவிட்டுக் குனிந்து பொறுக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். மாஸ்டரின் கை அந்தரத்தில் நின்றது.

நான் நிறுத்தவில்லை. என் பகுதி எனக்கு மனப்பாடம். நானும் விட்டுவிட்டால் பாட்டு அங்கேயே செத்துப்போகும் என்றுதான் அப்போது பட்டது. எப்போதும் கார்னெட்டுக்கு அடியில் அமுங்கிக் கிடக்கிற என் பிடில் தெப்பக்குளம் முழுக்கத் தனியாகக் கேட்டது. அது அவ்வளவு அழகு என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

மாப்பிள்ளையின் அம்மா எழுந்துவந்து, என் காலடியில் கிடந்த லட்சுமியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கச்சேரி முடிந்ததும் அப்பாவிடம் சொன்னார்:

"அம்புட்டுப் பேரும் குனிஞ்சு எடுத்தாக. ஒங்க பொண்ணு மட்டும் மகாலட்சுமி காலடியில கெடக்க, பிடில இளுத்துக்கிட்டே இருந்துச்சு. பொண்ணு எங்களுக்குப் பிடிச்சிருக்கு. பிடில் இங்கனயே இருக்கட்டும்."

அப்பா என் முகத்தைப் பார்த்தார். பிறகு சரியென்று தலையை ஆட்டினார். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

ரெண்டொரு வருஷத்தில் மாஸ்டர் வெளியூரில் இருந்த தன் மகள் வீட்டோடு போய்விட்டார். ஆர்க்கெஸ்ட்ரா அத்தோடு கலைந்தது. கிட்டங்கியில் பழையபடி வத்தல் மூடைகள் அடுக்கினார்கள்.

நான் மருமகளாகப் போன வீட்டின் சாமி அறையில் அந்த லட்சுமி கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தாள். "கலர் வெலகுனா என்ன, நம்மளத் தேடி வந்தவள்லா" என்பார் அத்தை. பின்பக்கத்தை அவர் ஒருநாளும் திருப்பிப் பார்த்ததில்லை. படத்தின் முன்னால் கண்ணை மூடினால் மருமகள் லேசில் திறக்கமாட்டாள் என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்வார். விளக்கேற்றிவிட்டு நான் அங்கே நின்று என் பகுதியை முதலிலிருந்து கடைசிவரை வாசித்து முடிப்பேன். இடது கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்திருப்பேன், விரல் அசைவது தெரியாது.