கயிறு பிடிக்கப் போன காலை

மகளின் கிளினிக் அட்டையில் இரண்டாம் மாதத்துக்கு நேரே மருத்துவமாது எழுதியிருப்பது: "நிறை கூடவில்லை. தாய் நன்றாகச் சாப்பிட வேண்டும்." அது போர் முடிந்து மூன்றாம் வருடம். உடப்பு என்ற கடற்கரை ஊரில் இருந்தோம். கணவர் வேலை தேடிக் கொழும்புக்குப் போயிருந்தார். வன்னியில் நிவாரண வரிசைகளில் நின்று சலித்தவள் நான். இனி ஒருவரிடமும் கை நீட்டுவதில்லை என்றிருந்தேன். அட்டையைப் பார்த்த பிறகு வீட்டுக்குள் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை.

கடலில் விட்ட கரைவலையைக் கரையில் நின்று கயிற்றால் இழுக்கக் கை கொடுத்தால் மீனில் பங்கு உண்டு. மறுநாள் விடிந்ததும் பிள்ளையை மார்போடு சேலையால் கட்டிக்கொண்டு போய்க் கயிற்றைப் பிடித்தேன். நாலு எட்டு வைப்பதற்குள் கண் இருட்டியது. பக்கத்து வீட்டு அக்கா என் கையைக் கயிற்றிலிருந்து விலக்கினாள்.

"வலையோட பிள்ளையையும் சேர்த்து இழுக்கப் போறியா?"

"சும்மா வாங்க ஏலாதக்கா."

"நான் பெத்த நேரம் மூணு மாசம் இந்த வலை இழுக்கிறவங்கட பங்குலதான் திண்டேன். ஆராவது குறைஞ்சு போனாங்களா? போய் இரி."

மணலில் இருந்தேன். அவள் கொண்டுவந்த மீனை வாங்கினேன், அன்று வயிறாரச் சாப்பிட்டேன். தவிக்கும் தாய்மாருக்கு நான் சொல்வதும் இதுதான்: தந்தால் வாங்கிச் சாப்பிடுங்கள்.

அந்த மீன் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி தந்ததா, அக்காவின் பங்கிலிருந்தே வந்ததா என்பதை இன்றுவரை உறுதிப்படுத்த முடியவில்லை.