பாய் கடையில் சாத்தி வைத்த துப்பாக்கிகள்

போன வாரம் கொடைக்கானலில் ஒரு தபாலாபீஸுக்குப் போயிருந்தேன். ஆதாரில் போன் நம்பர் மாற்றுகிற வேலை. எனக்கு முன்னால் வரிசையில் நின்ற சுற்றுலாக்காரப் பெண் ஒருத்தி, சுவரில் இருந்த அறிவிப்புப் பலகைக்குப் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தாள். பலகையில் ஒரு துப்பாக்கிப் படம், அதன் மேல் சிவப்பில் குறுக்குக் கோடு. கீழே, இந்த வளாகத்துக்குள் ஆயுதம் கொண்டுவருவது சட்டப்படி குற்றம் என்று எழுதியிருந்தது.

"போஸ்ட் ஆபீஸுக்கு எவன்டி கன் எடுத்துட்டு வருவான்?" என்று தோழியிடம் கேட்டுச் சிரித்தாள்.

எனக்குச் சுருக்கென்றது. வருவான் தாயே, நான் வேலை பார்த்த ஆபீஸுக்கு வாரா வாரம் வந்தான் என்று சொல்ல நாக்கு துடித்தது. சொன்னால் பெரிசுக்கு மண்டை குழம்பிவிட்டது என்பாள். உள்ளே யாரோ பார்சலுக்கு அரக்கு உருக்கினார்கள். இந்தக் காலத்திலும் அரக்கு வைக்கிறார்களா என்று ஆச்சரியமாக இருந்தது. ஆனால் அந்த வாசனை மூக்கில் ஏறியதும் மற்றதெல்லாம் கூடவே வந்துவிட்டது. ஈரக் கம்பளி, மண்ணெண்ணெய், கருமருந்து, பாய் கடை வாசலில் கொட்டிக் கிடக்கும் விதை உருளைக்கிழங்கின் மண் வாசம். அதனால்தான் இதை உங்களிடம் சொல்கிறேன். யாரிடமாவது திட்டித் தீர்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

தபாலாபீஸில் முதல் வேலை எனக்குக் கொடைக்கானல் மேல்மலையில் கிடைத்தது. கூக்காலைத் தாண்டி ஒரு ஊர். பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் இன்றைக்கும் சண்டைக்கு வர ஆள் இருக்கிறது, எனக்கும் அவர்கள் முகத்தில் விழிக்க இஷ்டமில்லை. நான் பழனி அடிவாரத்துப் பையன். யாத்திரைக்காரர்களுக்குப் பொரியும் கற்கண்டும் விற்று வளர்ந்தவன். குளிர் என்றால் மார்கழி மாதத்துக் குளிர்தான் தெரியும். மேல்மலையில் பல் தேய்க்கவே தைரியம் வேண்டியிருந்தது.

அந்த ஊருக்குக் காலையில் ஒரு பஸ். தபால் பையும் அதில்தான் வரும். சந்தை நாளன்று ஊரே பஸ்ஸை எதிர்பார்த்துத் தபாலாபீஸில் கூடும். பாதிப்பேர் இரவெல்லாம் பூண்டுக் காட்டில் காவல் இருந்துவிட்டு நேராக வருவார்கள். வீடு ஒரு சரிவில், காடு எதிர்ச் சரிவில் என்றால் வீட்டுக்குப் போய்விட்டு வர யாருக்கு முடியும்? காவலுக்கு வைத்திருந்த துப்பாக்கியும் தோளோடு வரும். எல்லாம் லைசென்ஸ் உள்ளவை. காட்டுப்பன்றியை விரட்ட என்று அரசாங்கம் கொடுத்தது. பெரும்பாலும் சத்தத்துக்குத்தான் சுடுவார்கள், சமயத்தில் கறிக்கும்.

நான் சேர்ந்த முதல் சந்தை நாளன்று ஒருவர் கவுண்டருக்கு முன்னால் வந்து நின்றார். தலையில் மப்ளர், தோளில் துப்பாக்கி, கண் இரண்டும் தூக்கமில்லாமல் கோவைப் பழமாகச் சிவந்திருந்தன. "தம்பி, எடுங்க வெரசா" என்றார். நான் பேசாமல் கல்லாப் பெட்டியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். அவர் கேட்டது ஒரு இன்லேண்ட் லெட்டர். அதற்குப் பிறகு இரண்டு மாதம் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஊரே "பெட்டியை நகட்டுங்க தம்பி" என்று சொல்லிச் சிரித்தது. அப்படிச் சிரித்தவர்கள்தான் பிற்பாடு என்ன செய்தார்கள் என்று கேளுங்கள்.

துப்பாக்கிகளை ஆபீஸ் மூலையில் குடைகளோடு சாத்தி வைப்பார்கள். பழைய போஸ்ட்மாஸ்டர் கண்டுகொள்ளவே மாட்டார். அவர் ஓய்வு பெற்றுப் போனதும் கீழ்நாட்டிலிருந்து புதியவர் வந்தார். வந்த முதல் சந்தை நாளிலேயே மூலையைப் பார்த்தார், முகம் சுருங்கியது. மறுவாரம் வாசலில் போர்டு தொங்கியது. அரசு அலுவலகத்துக்குள் துப்பாக்கியுடன் நுழைந்தால் போலீஸில் ஒப்படைக்கப்படுவீர்கள்.

சட்டப்படி அவர் செய்தது சரிதான். அதுதான் எனக்கு இன்றுவரை எரிச்சல். தப்பு செய்தவனைத் திட்டிவிட்டுப் போய்விடலாம், சரியாகச் செய்த இவரை என்ன செய்வது? "அப்ப துப்பாக்கியை எங்க சார் வைப்பாங்க?" என்று கேட்டேன். லைசென்ஸ் வாங்கியவன் கையை விட்டு அது போகக் கூடாது என்பதும் சட்டம்தானே.

"ஏம்ப்பா, உள்ள கொண்டாரக் கூடாது, அம்புட்டுத்தான். வெளிய எங்க வச்சாலும் அது என் சோலி இல்ல" என்றார்.

வெளியே என்றால் காதர் பாய் கடைதான். ஆபீஸை ஒட்டின மாதிரி அடுத்த கட்டடம். விதைக்கிழங்கு, உரம், மண்ணெண்ணெய், பீடி, மழைக் கோட்டு எல்லாம் அங்கே கிடைக்கும். பாய்க்குப் பூர்வீகம் பழனிப் பக்கம். மேல்மலைக்கு வந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. ஊரில் பாதிப்பேருக்கு அவர் மாமா, அவருக்கு அவர்கள் மாப்பிள்ளை. நோன்புக் கஞ்சி வாளியோடு வீடு வீடாகப் போகும், பொங்கல் அன்று கரும்பு அவர் வாசலில் குவியும். அவருக்கு ரொம்ப நெருக்கம் வேலுச்சாமி. நான் கல்லாப் பெட்டியை நகர்த்தி வைத்தேனே, அந்த ஆள்தான்.

போர்டு தொங்கிய அன்று வேலுச்சாமிதான் முதலில் துப்பாக்கியைக் கொண்டுபோய்க் கொடுத்தார். "மாமா, இது இங்கன கெடக்கட்டும். தபாலை வாங்கிட்டு வந்துர்றேன்."

"கேப்பைக் கழட்டிட்டுக் குடு மாப்ளே. கடைக்குள்ள வெடிச்சுத் தொலைச்சிறாத" என்றார் பாய்.

கேப்பு என்பது வெடிமருந்தைப் பற்றவைக்கிற சின்னக் கிண்ணி மாதிரியான செப்புத் தகடு. அது இல்லாவிட்டால் துப்பாக்கி வெறும் இரும்புதான். பாய் ஒவ்வொருவரிடமும் இதைக் கேட்டுக் கழற்றச் சொல்லிவிட்டுத்தான் வாங்குவார். மண்வெட்டிகள் சாத்தியிருக்கும் சுவரில் அவற்றோடு சேர்த்து வைப்பார். யாருடையது எது என்று தெரிய, கட்டையில் விதை மூட்டைத் துணியைக் கிழித்து ஆளுக்கொரு நிறத்தில் கட்டுவார். இதற்கு ஒரு டீ கூட அவர் வாங்கிக் குடித்ததில்லை. நான் மதியம் சாப்பாட்டுக்குப் போகும்போது அந்தச் சுவரைப் பார்த்தால் கல்யாண வீட்டு வாசலில் கிடக்கும் செருப்புகள் நினைவுக்கு வரும். விட்டுவிட்டுப் போனவர்களுக்கு அவ்வளவு நம்பிக்கை.

இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. ஒரு சந்தை நாள். விடாத மழை. மழையில் மருந்து நனையாமல் இருக்கத் துப்பாக்கி வாயைத் துணியால் அடைத்து, கேப்பு மேல் மெழுகு தடவி வைத்திருந்தார்கள். கேப்பைக் கழற்றச் சோம்பல்பட்டு வேலுச்சாமி, "கழட்டியாச்சு மாமா" என்று சொல்லிக் கொடுத்துவிட்டார். திரும்பி வந்து எடுக்கும்போது, கேப்பை அடிக்கிற துப்பாக்கிக் குதிரை எதிலோ மாட்டிக்கொண்டது.

வெடித்தது. கூரைத் தகரம் பிய்ந்து வானம் தெரிந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் கவுண்டருக்கு அடியில் உட்கார்ந்திருந்தேன் என்பதை மறைப்பானேன். ஆனால் அன்று பார்த்து ஏதோ எல்லைத் தகராறு விசாரணைக்குப் போலீஸ் ஜீப் வந்து டீக்கடையில் நின்றது. அவர்கள் கடைக்குள் நுழையும்போது சுவரில் ஐந்து துப்பாக்கிகள். தன்னுடையதையும் அங்கேயே சாத்திவிட்டு வேலுச்சாமி நழுவியிருந்தார். மற்ற நாலு பேரும் கூட்டத்தோடு கூட்டமாக நின்றார்கள்.

"யாருதுய்யா இதெல்லாம்?" என்றார் எஸ்.ஐ.

பாய் சிரித்த முகத்தோடுதான் கூட்டத்தைப் பார்த்தார். எந்த மாப்பிள்ளையாவது முன்னால் வந்து என்னுது சார் என்பான் என்று நினைத்திருப்பார். ஒரு ஆள் வரவில்லை. ஒருவன் செருப்பில் ஒட்டிய சேற்றை வெகு அக்கறையாகத் தட்டிக்கொண்டிருந்தான். பாயையும் துப்பாக்கிகளையும் ஜீப்பில் ஏற்றினார்கள்.

துப்பாக்கியில் நம்பர் இருக்கும். யாருடையது என்று கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. மறுநாள் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி ஐந்து பேருக்கும் ஆள் வந்தது. அன்று மாலை கோயில் முன்னால் ஊர் கூடியது. அடுத்தவரிடம் கொடுத்தேன் என்றால் லைசென்ஸ் போகும், கேஸும் வரும். அதனால் எல்லோரும் ஒரே மாதிரி சொல்வது என்று முடிவாயிற்று. நாங்கள் கொடுக்கவில்லை. வீட்டில் வைத்திருந்தோம். அங்கே எப்படிப் போனது என்று தெரியாது. இதைச் சொன்னால் பாய் என்ன ஆவார் என்று எவனுக்கும் தெரியாமல் இல்லை. கூடிப் பேசி, வெற்றிலை போட்டு, துப்பிவிட்டு எழுந்து போனார்கள்.

நான் நேராக வேலுச்சாமி வீட்டுக்குப் போனேன். அடுப்பங்கரையில் குளிர் காய்ந்துகொண்டிருந்தார்.

"அண்ணே, பாயைத் திருடன்னு சொல்லப் போறீங்களா?"

"நான் எங்க தம்பி திருடன்னு சொன்னேன்? எனக்குத் தெரியாதுன்னுதான சொல்லப் போறேன்."

"ரெண்டும் ஒண்ணுதானண்ணே. கேப்பைக் கழட்டாம குடுத்ததே நீங்கதான்."

அவர் தீயைக் கிளறினார். "லைசென்ஸ் போச்சுன்னா பன்னி ஒரு ராத்திரியில பூண்டு பூராத்தையும் உழுதுட்டுப் போயிரும். நான் எம்பிள்ளைகளுக்கு என்னத்தைக் குடுக்க? நீங்க சம்பளக்காரரு. மாசம் பொறந்தா கவர்மெண்ட்டு குடுக்கும்." ஒரு விறகை உள்ளே தள்ளிவிட்டு, "மாமாவுக்கு யாவாரம் இருக்கு, எப்படியும் பொழச்சுக்கிருவாரு" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் அவரை நான் மன்னிக்கவில்லை. பயந்தேன் என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பேன்.

மறுநாள் நானும் ஸ்டேஷனுக்குப் போனேன். போஸ்ட்மாஸ்டரையும் கூப்பிட்டேன். நீங்கள் போர்டு வைத்ததால்தான் பாயிடம் கொடுத்தார்கள் என்று வந்து சொல்லுங்கள் சார் என்றேன். "ஆபீஸுக்கு வெளிய நடந்ததுக்கு நான் சாட்சி சொல்ல ரூல் இல்ல" என்றார். அவருடைய ரூல் வாசற்படியோடு நின்றுவிடும் ரூல். நான் தனியாகப் போய் வாரா வாரம் பார்த்ததைச் சொன்னேன். எஸ்.ஐ. கேட்டார். "அஞ்சு பேரும் இல்லேங்குறான். பொருளுக்குச் சொந்தக்காரனே இல்லேங்கும்போது நீ யாருய்யா ஆமாங்குறதுக்கு?"

பாய் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எனக்கு முன்பே அந்த ஐந்து பேரும் ஒவ்வொருவராக உள்ளே போய், அவர் காதுபடச் சொல்லிவிட்டு, அவரைத் தாண்டி வெளியே வந்தார்கள். வேலுச்சாமி கடைசி ஆள். "இவரு கடையில சாமான் வாங்குவேன். மத்தபடி எனக்கும் இவருக்கும் பழக்கம் இல்லீங்க" என்றார். பாய் தலையைத் தூக்கவே இல்லை.

கோர்ட்டு, ஜாமீன், வாய்தா என்று வருஷக்கணக்கில் இழுத்துக் கடைசியில் விடுதலைதான் ஆயிற்று. அதற்குள் கடை போய்விட்டது. பாய் குடும்பத்தோடு ஆயக்குடிக்கு இறங்கிக் கொய்யா வியாபாரத்தில் சேர்ந்துகொண்டார். நான் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு ஓடி வந்தேன். ரொம்ப காலம் கழித்து ஆயக்குடி மண்டியில் அவரைப் பார்த்தேன். தாடி வெளுத்திருந்தது. கூடையிலிருந்து பெரிய கொய்யாவாகப் பொறுக்கிக் கொடுத்தார். பழசை நான் மெதுவாக எடுத்தேன்.

"மறக்கல தம்பி. மன்னிக்கவும் இல்ல. அல்லா கேட்டாலும் இதைத்தான் சொல்லுவேன். நீங்க பழத்தைத் தின்னுங்க" என்றார். இன்னொரு பழத்தையும் பையில் போட்டார்.

எதைக் காப்பாற்ற அந்த ஐந்து பேரும் பொய் சொன்னார்களோ அதுவும் அவர்களிடம் நிலைக்கவில்லை. தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். ஒரு தேர்தலுக்குக் கொடுத்தது திரும்பி வரவில்லை. லைசென்ஸைப் புதுப்பிக்க அலைந்து ஓய்ந்தார்கள். பன்றி வந்தது, காட்டுமாடும் வந்தது. பூண்டுக் காடுகள் ஒவ்வொன்றாகக் கைமாறி, இப்போது அங்கே கண்ணாடிச் சுவர் வைத்த விடுதிகள் நிற்கின்றன. பரிதாபப்பட வேண்டிய விஷயம்தான். எனக்குப் பரிதாபம் வரவில்லை.

தபாலாபீஸில் அந்தப் பலகையைப் பார்த்த மறுநாள், ஏதோ கிறுக்குப் பிடித்து அந்த ஊருக்கு பஸ் ஏறினேன். தபாலாபீஸ் வேறு இடத்துக்குப் போய்விட்டது. பாய் கடை இருந்த இடத்தில் ஒரு காபிக் கடையும் மேலே தங்கும் அறைகளும். கல்லாவில் நடுத்தர வயது ஆள். மூக்கைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, வேலுச்சாமி மகன். அவனுக்கு என்னைத் தெரியவில்லை. வேலுச்சாமி தவறிவிட்டதாக விசாரித்துத் தெரிந்துகொண்டேன். காபி குடித்துவிட்டு, ஊரைக் கொஞ்சம் சுற்றிப் பார்க்கலாம் என்று என் தோள் பையைக் கல்லா மேல் வைத்தேன்.

"தம்பி, இது இங்க இருக்கட்டும். ஒரு நடை போய்ட்டு வந்துர்றேன்."

அவன் பையைத் தொடக்கூட இல்லை. "வேண்டாங்க சார், எடுத்துக்கங்க" என்றான்.

"துணியும் தண்ணி பாட்டிலும்தான் தம்பி."

"என்னவா இருந்தாலும் வைக்கிறதில்லைங்க. அடுத்தவங்க பொருளை வாங்கி வச்சா நாளைக்கு நம்மளையே மாட்டி விட்டுருவாங்கன்னு எங்கப்பா சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாரு."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். அடுத்த பஸ்ஸுக்கு நேரம் நிறைய இருந்தது. ஆனாலும் ஊரைச் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. நிழற்குடையிலேயே பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.