அப்பாவின் பெயரில் இருந்த அந்நியர்

இந்த நினைவு மலரின் அட்டையைப் பார்த்ததும் உங்களில் சிலர் என்ன கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அப்பாவின் பெயரில் பாதியைக் காணோமே, அச்சகத்தில் விட்டுவிட்டார்களா என்பீர்கள். அச்சகத்தார் மேல் பழி வேண்டாம். அப்பாவின் பெயருக்குப் பின்னால் ஆயுள் முழுக்க ஒட்டிக்கொண்டிருந்த 'கால்பிரெய்த்' என்ற சொல்லை எடுக்கவைத்தவள் அவருடைய மூத்த மகளாகிய நான். அவர் மறைந்து ஓராண்டு நிறையும் இந்த நாளில், அந்தச் சொல் எப்படி வந்தது, எப்படிப் போனது என்பதை உங்களிடம் சொல்லிவிட்டால் என் மனச்சுமை கொஞ்சம் குறையும் என்று நம்புகிறேன். அலங்காரமாக எழுத எனக்கு வராது. லைங் தாயாவில் தையல் ஆலையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து எழுதுகிறவளிடம் அதை எதிர்பார்க்கவும் மாட்டீர்கள்.

அப்பா பிறந்தது இதே யாங்கோனில், துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த கூலி லயத்தில். இவ்வூரில் முதலில் கால் வைத்தவர் அப்பாவின் தாத்தா. தாய் தகப்பன் இருவரையும் கொள்ளைநோயில் இழந்து, யார் யார் வீட்டிலோ வளர்ந்து, கங்காணி ஒருவரோடு கப்பலேறி வந்தவர். துறைமுகத்தில் ஆள் எடுக்கும்போது குமாஸ்தா தகப்பன் பேர் கேட்டிருக்கிறார். அவருக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் வெட்கம். தகப்பன் பேர் இல்லாமல் பட்டியலில் ஏற்ற முடியாது என்று குமாஸ்தா கறாராகச் சொல்ல, வரிசையில் பின்னால் நின்றவர்கள் கத்த, கங்காணிதான் வழி சொல்லியிருக்கிறார். அந்தக் காலத்தில் ஒவ்வொரு கூலிக் கூட்டத்தையும் அதை மேய்க்கும் துரையின் பேரால்தான் அழைப்பார்கள். இவர் சேர்ந்தது கால்பிரெய்த் துரை கூட்டம். "துரை பேரையே போட்டு வுடுங்க, நாளைக்கி மாத்திக்கலாம்" என்றாராம் கங்காணி. அந்த நாளை வரவே இல்லை.

துரை ஸ்காட்லாந்துக்காரர், கப்பல் இயந்திரங்களைப் பார்க்கிறவர். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். நல்லவரா கெட்டவரா, இப்படி ஒருவனுக்குத் தகப்பனானது அவர் காதுக்காவது போனதா, எதுவும் தெரியாது. பர்மியர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பிற்பாடு வந்த ஒவ்வொரு குமாஸ்தாவும் இதைப் பெயரின் வால் என்று நினைத்து மகனுக்கும் பேரனுக்கும் சேர்த்துச் சேர்த்து எழுத, நாங்கள் கால்பிரெய்த் வீட்டார் ஆனோம். கோயிலில் எங்களுக்கு 'வெள்ளைக்கார வீடு' என்று பட்டப்பெயர். அம்மாவைப் பெண் கேட்டுப் போனபோது, "வெள்ளைக்கார வீட்டு மாப்பிள்ளைங்கறாங்க, மாப்பிள்ளை நெறத்தப் பாத்தா அடுப்புக்கரியே தேவலையே" என்று அம்மாவின் அத்தை சொன்னதை அப்பாவே எங்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

பெயரைத் தவிர அப்பாவின் வாழ்க்கையில் வெள்ளைக்காரத்தனம் எதுவும் இருந்ததில்லை. உறவினர்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறித் தாயகம் திரும்பிய காலத்தில் எங்கள் தாத்தா போகவில்லை. போய் இறங்கி எந்த ஊர் என்று சொல்வது என்பது அவர் கேள்வி. அப்பா ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, மாநகராட்சி நீரேற்று நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து முப்பத்தைந்து ஆண்டுகள் பணியாற்றினார். எனக்குப் பதினொரு வயதில் அம்மா போய்விட்டார். அதன்பிறகு எனக்குத் தலை பின்னிவிட்டது அப்பாதான். இயந்திரத்துக்குக் கயிறு சுற்றுகிறவர் பின்னினால் எப்படி இருக்கும்? மாலைவரை ஒரு முடி அவிழாது, தலைவலிதான் தாங்காது. மறுமணம் செய்துகொள்ளச் சொன்னவர்களுக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுவார்.

ஓய்வு பெற்றபோது தாள்களைச் சரிபார்க்க ஓர் அலுவலகத்துக்குப் போனார். அங்கிருந்த பர்மிய அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறார்: "ஊலே, உங்க பேருல கடைசியில இருக்கே, அதுக்கு என்ன அர்த்தம்? எந்தக் கிழமைப் பேரு அது?" பர்மியப் பெயரில் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் உண்டு, பிறந்த கிழமைக்கு ஏற்ற எழுத்தும் உண்டு. மாமா என்று அழைத்து அன்பாகக் கேட்டவருக்கு அப்பாவால் பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து ஐந்தாம் மாடிவரை ஏறிய களைப்போடு உட்கார்ந்து, "எம் பேருக்கு எனக்கே அர்த்தம் தெரியல பாரு" என்றார். அன்று பிடித்தது அவரை அந்தத் தேடல்.

ஓய்வுக்குப் பிறகு அப்பா கட்டடங்களில் தண்ணீர் மோட்டார் பழுது பார்த்து வந்தார். அப்படிப் போன ஒரு வீட்டில் வயதான ஆங்கிலோ பர்மியப் பெண்மணி இருந்தார். பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவர். மோட்டாரை ஓடவைத்துவிட்டு அப்பா கூலிக்குப் பதிலாகப் பெயருக்குப் பொருள் கேட்டார். டீச்சரம்மா தடித்த புத்தகம் ஒன்றை எடுத்துப் பார்த்துச் சொன்னார்: இது ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் இரண்டு சொற்கள் சேர்ந்தது. முதல் சொல்லுக்கு அந்நியன் என்று பொருள். அடுத்ததற்குப் பிரித்தன். இந்தப் பிரித்தன் நம்மை ஆண்ட பிரிட்டிஷ்காரன் அல்ல. அந்தத் தீவில் பழங்காலத்தில் வாழ்ந்த வேறொரு இனம். ஆக, அந்நியப் பிரித்தன். தாம் வேற்றாராக நினைத்தவர்களுக்கு அக்கம்பக்கத்தார் வைத்த பெயர்.

அப்பா கருவிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் அடுக்கினாராம். பிறகு, "நமக்கு வச்ச பேரு சரியாத்தான் வச்சிருக்கான்" என்றாராம். இந்த ஊரில் எங்களையும் அந்நியர் என்று பொருள்படும் ஒரு பர்மியச் சொல்லால்தான் அழைப்பார்கள், அது எதுவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அதோடு விடவில்லை. என் மகளின் கைபேசியில் தேடச் சொன்னார். அவள் தமிழை நன்றாகப் புரிந்துகொள்வாள், பேசுவதென்றால் பர்மியம்தான் முந்திக்கொண்டு வரும். ஆனாலும் தாத்தாவிடம் தமிழில்தான் பேசுவாள்.

"தாத்தா, இதுல ரெண்டு விதமா போட்டிருக்கு. அந்தப் பிரித்தன் ஆளுங்க வேற எடத்துலருந்து வந்து கேலிக் பாசை பேசுறவங்க ஊர்ல குடியிருந்தாங்க, அதனால அந்நியன்னாங்கன்னு ஒண்ணு. இன்னொண்ணு, அவங்கதான் மொதல்லருந்தே அங்க இருந்தாங்களாம். கேலிக்காரங்கதான் பின்னால வந்தாங்களாம். வந்தவங்க இருந்தவங்களப் பாத்து அந்நியன்னு சொல்லிட்டாங்க."

"எது நெசம்?"

"தெரியலன்னு போட்டிருக்கு. அவங்க சின்னத்துல மூணு கரடித் தலை இருக்கு, பாக்குறீங்களா?"

"கரடி கெடக்கட்டும். அவங்க வந்தவங்களா, இருந்தவங்களா? அத மட்டும் கேட்டுச் சொல்லு."

அந்தக் கேள்வியை அப்பா கடைசிவரை விடவில்லை. ஒரு பெரிய ஏரிக்கரையில் அந்த வம்சத்தார் இருந்தார்கள் என்று படித்துக் காட்டினாள். சிலர் இப்படி, சிலர் அப்படி என்று எழுதியிருப்பதைக் காட்டினாள். பார்க்கப் பார்க்க எனக்கு அலுப்பாக வந்தது. மின்சாரம் வருகிற நாலு மணி நேரத்தில் சோறாக்கி, துணி துவைத்து, தண்ணீர் ஏற்ற வேண்டும்; இவர்கள் கைபேசியின் சக்தியைக் கால்பிரெய்த்துக்காகத் தீர்த்துக்கொண்டிருப்பார்கள். ஒருநாள் கத்தியும் விட்டேன். அப்பா கைபேசியை மெல்ல மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அந்தக் காட்சியை இன்றும் மறக்க முடியவில்லை.

மகளுக்குப் பதினெட்டு முடிந்து தாதியர் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. சேர வேண்டுமானால் அடையாள அட்டை வேண்டும். அதற்கு மூன்று தலைமுறைத் தாள்களும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். எங்களுடையதில் ஒரு தாளில் கால்பிரெய்த் இருக்கிறது, ஒன்றில் இல்லை, ஒன்றில் தகப்பன் பெயராக இருக்கிறது. உங்கள் முன்னோர் வெள்ளையரா, இந்தியரா என்று கேட்டு நாலு முறை திருப்பி அனுப்பினார்கள். அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. தப்பு எங்கள் தாளில். கடைசியில் ஒருவர் வழி சொன்னார். அந்தச் சொல் தவறுதலாக ஏறியது, நீக்கிவிடுங்கள் என்று அப்பா ஒரு கையெழுத்துப் போட்டால் போதும்.

தாளைக் கொண்டுபோய் அப்பாவின் முன் வைத்தேன். அப்போதே அவருக்கு மூச்சிரைப்பு அதிகம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார்.

"இத எடுத்துட்டா எங்க தாத்தாவுக்கு அப்பன் யாருன்னு எழுதுவாங்க?"

"எழுத வேணாம்ப்பா. அந்த எடத்தக் காலியா விட்டுருவாங்க."

"அதான் கேக்குறேன்" என்றார்.

"புள்ள படிப்பு போயிரும்ப்பா" என்று மட்டும் சொன்னேன். பேத்தி என்றால் அப்பாவுக்கு உயிர். அது தெரிந்துதான் சொன்னேன். பேனாவை வாங்கி, முழுப்பெயரையும் கால்பிரெய்த்தோடு சேர்த்து எழுதிக் கையெழுத்திட்டார். அதை நீக்கச் சொல்லும் தாளில் அதையே எழுதிய ஆள் அவராகத்தான் இருப்பார். தாளை என்னிடம் கொடுக்கும்போது, "கார்டுல எடுத்தாச்சு. எள்ளுத்தண்ணில எடுத்துராதீங்க" என்றார்.

இதைப் புரிந்துகொள்ள ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆடி அமாவாசை தோறும் கோயிலில் அப்பா தர்ப்பணம் செய்வார். தகப்பன், பாட்டன், பூட்டன் என்று மூன்று தலைமுறைக்குப் பெயர் சொல்லி எள்ளும் தண்ணீரும் விட வேண்டும். அப்பாவுக்கு மூன்றாவது பெயர் கால்பிரெய்த். எங்கள் தாத்தாவும் இரண்டாவதாக அவரைச் சொல்லியே தண்ணீர் விட்டிருக்கிறார். கடலுக்கப்பால் எந்தக் கல்லறையிலோ கிடக்கும் ஒரு கிறிஸ்தவ இயந்திரக்காரருக்கு, தலைமுறை தலைமுறையாக நாங்கள் எள்ளுத்தண்ணீர் விட்டு வந்தோம். டீச்சரம்மா இதைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, அந்த மனிதருக்கு அவர் சொந்தப் பிள்ளைகளாவது இவ்வளவு செய்திருப்பார்களா என்றும் கேட்டார்.

கையெழுத்திட்ட இரண்டாம் மாதம் அப்பா படுக்கையில் விழுந்தார். விசிறி ஓடாத பகல்களில் பேத்திதான் மட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். அவளுடைய அட்டை வந்தபோது வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். இனம் என்ற இடத்தில் இந்தியர் என்று இருந்தது. "அந்நியன எடுத்துட்டோம், அப்பவும் வந்தவங்கன்னுதான் போட்டிருக்கான்" என்று சொல்லிச் சிரிக்கப் போய் இருமினார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தேநீர் கேட்டுவிட்டு, அது வருவதற்குள் போய்விட்டார்.

பதினாறாம் நாள் கிரியையில், அப்பாவை அவருடைய முன்னோர் மூவரோடு சேர்க்கும் சடங்கில், என் தம்பி மூன்றாவதாகக் கால்பிரெய்த் பெயரைச் சொன்னான். அது முடிந்ததும் குருக்கள் ஒரு சேதி சொன்னார். "இனிமே அப்பா, தாத்தா, தாத்தாவோட அப்பா, மூணு பேருதாம்மா. புதுசா ஒருத்தர் உள்ள வந்தா மேல இருக்கறவர் போயிடுவார். அதுதான் கணக்கு." மூன்றுக்கு மேல் இடமில்லை. நாங்கள் எதையும் எடுக்க வேண்டியதே இல்லை. அப்பா போனதாலேயே அந்தப் பெயரும் போய்விட்டது. இதை அப்பாவும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

தம்பியிடம் ஒரு வழி பார்க்கச் சொன்னேன். ஷ்வேப்யிதாவில் ஆலை மெக்கானிக்காக இருக்கும் அவனும் என்னைப் போலவே களைத்தவன். "அவன் யாருக்கா நமக்கு? நம்மாள மூட்ட தூக்க வச்சவன். இத்தன வருசம் குடுத்தது பத்தாதா?" என்றான். என்னால் சண்டை போட முடியவில்லை. அவன் சொன்னதிலும் பொய்யில்லை. ஆண்டு முழுக்க இது நெஞ்சில் முள்ளாக இருந்தது. அட்டையில் எடுத்தவளும் நான், எள்ளுத்தண்ணீரில் அதைக் காப்பாற்ற முடியாதவளும் நான்.

போன வாரம் இன்றைய திதிக்கு ஏற்பாடு செய்யக் கோயிலுக்குப் போனோம். குருக்கள் மூன்று பெயர்களையும் எழுதிக்கொண்டு, "கடைசியில ஒரு கைத்தண்ணி இருக்கு. பிள்ளை இல்லாதவா, செய்ய ஆள் இல்லாதவா, எல்லாருக்கும் சேர்த்து. யாரையாவது நினைச்சுக்கறதுன்னா நினைச்சுக்கலாம்" என்றார். நான் தம்பியைப் பார்க்கவில்லை. அவன்தான் பேசினான்.

"சாமி, அதுல பேரு சொல்லலாமா?"

"தாராளமா. கால்பிரெய்த்தா?" குருக்களுக்கு மறக்குமா? "உறவு என்னன்னு சொல்லட்டும்?"

"உறவு இல்ல சாமி. அந்நியரு" என்றான் தம்பி.

வெளியே வந்து செருப்பு மாட்டும்போதுதான் காரணம் சொன்னான். மகனைப் பள்ளியில் சேர்ப்பதற்காகப் புதிய வம்சாவளித் தாளை வாங்கியிருக்கிறான். "தாத்தாவோட அப்பாவுக்கு அப்பன் பேரு இருந்த எடத்துல ஒரு கோடு போட்டிருக்காங்கக்கா. வெறுங்கோடு. அதப் பாத்துட்டு வந்து எனக்குச் சோறு எறங்கல."

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். மாடிப்படிகளில் அப்பாவை நாற்காலியோடு தூக்கி இறக்கி, மருத்துவமனையிலிருந்து திரும்பவும் தூக்கி ஏற்றிய எதிர்வீட்டுப் பர்மியச் சகோதரர்களுக்கு. கடைசி மாதம் முழுக்கக் கஞ்சி வைத்து, எங்கள் மாடியிலிருந்து தொங்கவிட்ட கயிற்றில் கட்டி அனுப்பிய கீழ்வீட்டு அம்மாவுக்கு. மருத்துவமனையில் எங்களோடு காத்திருந்த கோயில் அன்பர்களுக்கு. விடுப்புக் கொடுத்த என் ஆலை மேலாளருக்கு. தமிழ் வாசிக்க வராத பிள்ளைகளுக்காக இக்கட்டுரையைப் பர்மியத்தில் எழுதி மலரின் பின்பக்கத்தில் சேர்த்திருக்கும் என் மகளுக்கு.

இன்னும் ஒருவர் இருக்கிறார். அவரை நாங்கள் பார்த்ததில்லை. அவரிடம் கேட்காமலே பெயரை எடுத்துக்கொண்டோம், சொல்லாமலே திருப்பியும் கொடுத்துவிட்டோம். அவர் வந்தவரா, இருந்தவரா என்று அப்பாவுக்குக் கடைசிவரை தெரியவில்லை. ஒருநாள் தகப்பன் இல்லாமல் வரிசையில் நின்ற எங்கள் ஆளுக்கு எழுத ஒரு பெயராக இருந்தார். அவருக்கும் எங்கள் நன்றி. இதை நீங்கள் வாசிக்கும் நேரம் தம்பி கடைசிக் கைத்தண்ணீரை விட்டிருப்பான்.