செவ்வாய்க்குத் தைத்த பூட்ஸ்

அந்துவானெத்தின் வாய்க்கு நெல்லித்தோப்பே பயப்படும். பயப்படாத ஒரே ஆள், செத்துப்போன அவள் கணவனின் அண்ணன் லூதோவிக். பிரெஞ்சுப் பட்டாளத்து பென்ஷனில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர். இருவருக்கும் ஒரே வீடு. முன்னறையில் தையல் மெஷினைப் போட்டு அவள் பிழைத்தாள். ஜன்னலில் தெருவை வேடிக்கை பார்க்கும் சாக்கில், அவள் விரித்துவைத்த துணிமேல் புழுதி பூட்ஸோடு அவர் நடந்துபோவார்.

"வாசல்ல கழட்டுங்க மாமா!"

"பாரீஸ்ல எவன் கழட்டுறான்?"

அந்த மனுஷர் முகத்தைப் பார்த்தாலே அவளுக்கு வயிறு எரியும். அவருக்கோ தன் மோட்டார் பைக்கை நிறுத்த அந்த முன்னறை வேண்டும்.

2006இல் ஊரில் ஒரு சங்கம் போட்டி வைத்தது. செவ்வாய்க் கிரகத்தில் குடியேறுகிறவர்களுக்கு உடையும் காலணியும் தைக்க வேண்டும். அங்கே துணிக்கடை கிடையாது. அதனால் கிழிந்ததைப் பிரித்து இன்னொன்றாகத் தைக்க வர வேண்டும். அந்துவானெத் பெயர் கொடுத்ததைக் கேட்டு லூதோவிக் சிரித்தார்.

"நீ ஜெயிச்சா முன்ரூம் உனக்கு. தோத்தா காலி பண்ணிடணும். சரியா?"

"சரி" என்றாள். ரோஷத்தில் வந்த சரி.

வெறிபிடித்த மாதிரி உழைத்தாள். பழைய குடைத்துணி, கிழிந்த ரெயின்கோட் எல்லாம் சேர்த்து, நைந்த பக்கம் உள்ளே போகும்படி திருப்பித் தைக்கிற உடுப்பு. லாரி ட்யூபில் பூட்ஸ். குனியாமல், குதிகாலை மிதித்தாலே கழன்றுவிடும். அதில்தான் அவளுக்குக் கர்வம்.

போட்டியன்று உடுப்பைத் தடவிப் பார்த்த நடுவர் அம்மாள் தலையாட்டினாள். பிறகு பூட்ஸை எடுத்தாள்.

"இதை எங்கே கழட்டுவாங்க, மதாம்?"

"வாசல்லதான். அந்தச் செவப்பு மண்ணு வீட்டுக்குள்ள ஒரு பொட்டு வரக் கூடாது."

"வெளியே மூச்சுவிடக் காத்தே இல்லையே. கழட்டினா ஆள் செத்துடுவானே."

கூட்டம் சிரித்தது. லூதோவிக் தொடையைத் தட்டிச் சிரித்தார். அவர்மேல் இருந்த கோபத்தில் அவரையே மனதில் வைத்துத் தைத்துவிட்டோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தன்மேலேயே ஆத்திரம் பொங்கியது. பரிசு வேறு யாருக்கோ போனது.

மறுநாள் காலை பைக்கின் சத்தம் கேட்டதும் யாரையும் கூப்பிடாமல் மெஷினைத் தானே இழுத்து முன்னறையிலிருந்து வெளியே கொண்டுவந்தாள். முன்னறையைத் தாண்டி லூதோவிக்கின் அறைக்குப் போகும் குறுகலான நடையில் போட்டு உட்கார்ந்துகொண்டாள். முன்னறையில் பைக்கை நிறுத்திவிட்டு வந்தவர் அங்கேயே நின்றார்.

"இன்னா இது? எடு!"

"ரூமக் கேட்டீங்க, குடுத்துட்டேன். நடைய வச்சு யாரும் பந்தயம் கட்டல."

"நான் எப்படிப் போறது?"

அவள் தலை நிமிரவில்லை. காலடியில் நடை முழுக்க வெள்ளைத்துணி விரிந்து கிடந்தது. யாரோ ஒரு பெண்ணின் கல்யாண கவுன்.

"கழட்டிட்டுப் போங்க" என்றாள்.