சூடாமணியின் பிரசவப் படிப்பு

எங்கள் அக்ரஹாரத்தில் கைம்பெண்ணான தங்கையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய ஒரே மனுஷர் நாகேஸ்வரன். பக்கத்து வீட்டுக்காரியான நான் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு அவரைத் திட்டப் போகிறேன்.

1934-ல் அவர் தங்கை சூடாமணி பள்ளி இறுதி வகுப்பு தேறினாள். இருபத்திரண்டு வயது. சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தாவான அண்ணா, காலேஜ் விண்ணப்பம் வாங்கி வந்தார். நாலு வருஷத்தில் பி.ஏ., பிறகு பெண்கள் பள்ளியில் டீச்சர், தெருவே எழுந்து நிற்கும் என்று மனக்கோட்டை கட்டியிருந்தார். அவளோ பெண்கள் ஆஸ்பத்திரியில் மிட்வைஃப் வேலை பழகப் போவதாகச் சொன்னாள். அங்கே ஏட்டுப் பாடம் கொஞ்சம்தான். நர்சம்மா கூடவே நின்று, துணி அலசி, ரத்தம் துடைத்து, கையால் கற்க வேண்டும்.

 தினமும் பிரசவத் தீட்டோடு வீட்டுக்குள் வருவதா, நல்ல மூளையை இப்படிப் பாழாக்கலாமா என்று அண்ணா சத்தம் போட்டார்.

“எனக்குக் கொழந்தை பொறந்த அன்னிக்கு வீடு நிறையப் படிச்சவா இருந்தா, அண்ணா. அதை உசிரோட எடுக்கத் தெரிஞ்சவா ஒருத்தரும் இல்லை,” என்றாள் சூடாமணி.

கோபத்தில் அவர் ஒரு நிபந்தனை போட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தால் முன்வாசல் கிடையாது. கொல்லைக் கதவு வழியாக நுழைந்து, கிணற்றடியில் தலைமுழுகிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். ஆடி மாசத்துக் கர்க்கடக மழை வந்தால் பெண் அடங்கிவிடுவாள் என்று நினைத்தார்.

மழை வந்தது. நனைந்தாள், இருமினாள். வழியில் கோயில் கொண்டிருக்கும் பழவங்காடிப் பிள்ளையாரைப் போகும்போதும் கும்பிட்டாள், தீட்டோடு திரும்பும்போதும் கும்பிட்டாள். பிள்ளையார் ஆட்சேபித்ததாகத் தெரியவில்லை. காய்ச்சலில் படுத்தபோது அண்ணா பக்கத்தில் உட்கார்ந்து, “போரும்டி. காலேஜ்லே இன்னும் எடம் இருக்காம்,” என்றார். காய்ச்சல் விட்டதும் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது அப்போதுதான்.

மனுஷர் ஒன்றை மறந்துவிட்டார். எங்கள் கொல்லைகள் ஒன்றோடொன்று ஒட்டியவை. பெண்கள் கூச்சமில்லாமல் பேசுகிற இடம் அது. முன்வாசலில் ஆண்கள் இருக்கையில் வாய் திறக்காத கர்ப்பிணிகள், சூடாமணி தலை துவட்டும் நேரம் பார்த்துக் கிணற்றடிக்கு வந்தார்கள். கால் வீக்கம், போன பிரசவத்தில் பட்ட பாடு, எல்லாவற்றையும் அவளிடம் கொட்டினார்கள். நாளுக்கு நாள் கூட்டம் வளர்ந்தது.

ஒரு சாயங்காலம் சத்தம் பொறுக்காமல் விரட்டப் போனார் அண்ணா. அங்கே சேற்றில் நின்றிருந்தது அவருடைய மேலதிகாரியின் மனைவி, கூடவே நிறைமாதக் கர்ப்பிணியான மகள்.  முன்பக்கமாக வரும்படி அவர்களைக் கெஞ்சினார்.

சூடாமணி ஈரத் தலையோடு நிமிர்ந்தாள். “என்னைத் தேடி வரவா நான் வர வழியாத்தான் வருவா, அண்ணா. அவா முன்வாசல்லே வரணும்னா நானும் வரணும்.”

அவள் குரலை உயர்த்தவில்லை. அந்த அம்மாளும் நகரவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து குளிக்காத உடம்போடு, கறை படிந்த புடவையோடு, தெருவே பார்க்க முன்வாசலில் வந்து நின்றாள். அண்ணா நிலைப்படியில் நின்றிருந்தார்.  ஒதுங்கி வழிவிட்டார்.